மசாலா டப்பாவை நீங்களே நிரப்புங்கள்!

மாதச் சாமான் லிஸ்ட் எழுத உட்காருகிறீர்கள். மஞ்சள் பொடி ஒரு பாக்கெட், மிளகாய்ப் பொடி ஒரு பாக்கெட், சாம்பார் பொடி, இஞ்சி பூண்டு விழுது... பேனா தானாகவே ஓடுகிறது. கொஞ்சம் நிறுத்துங்கள். இந்த நான்கையும் வீட்டிலேயே தயாரித்தால் என்ன?

"அட போங்க, இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?" என்கிறீர்களா? பொடிகளுக்கு இரண்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும். விழுதுக்கு வாரம் பத்தே நிமிடம்!

காரணம் எளிது. பூஞ்சை பிடித்த மிளகாயைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எறியலாம். பூச்சி அரித்த மல்லி முறத்தில் புடைத்தால் தெரிந்துவிடும். பொடியான பிறகு எதுவுமே தெரியாது. கடைப் பொடி எல்லாமே கலப்படம் என்று சொல்லவில்லை. சுத்தமாகத் தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே போனது என்ன என்று நாமே பார்க்க வேண்டுமானால், முழுப் பொருளாக வாங்குவதுதான் வழி.

மஞ்சள்: 'பளிச்' நிறம் வேண்டாம்

பங்களாதேஷில் 1980-களில் வந்த வெள்ளத்தில் நனைந்த மஞ்சள், நிறம் மங்கிப்போனது. விலை போக வேண்டுமே என்று, பெயின்டில் சேர்க்கும் லெட் குரோமேட் என்ற சாயத்தைப் பூசி மெருகேற்ற ஆரம்பித்தார்கள். அது ஈயம் கலந்த சாயம். 2019-ல் அங்கே சந்தைகளில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் இந்தக் கலப்படம் இருந்தது. அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்தது. 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை!

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் கெடுதல். கொதிக்க வைத்தாலும் அது போகாது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சாயம் பூசப்பட்டது முழு மஞ்சளின் மேல்தான்! எனவே முழு மஞ்சள்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பளபளவென்று மின்னுவதை ஒதுக்குங்கள். மங்கலான நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் விரலி மஞ்சளே நல்லது. ஒரு துண்டை ஈரக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சாயம் உடனே பிரிந்து ஒட்டினால் சந்தேகம்தான். நல்ல மஞ்சளை உடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மெஷினில் அரைத்துக் கொள்ளுங்கள்.

மிளகாய்: காய்ச்சல்தான் முக்கியம்

2005-ல் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அவற்றில் சேர்த்த மிளகாய்ப் பொடியில் சூடான் என்ற சிவப்புச் சாயம் இருந்ததே காரணம். மிளகாய்ப் பொடியைத் தண்ணீரில் தூவிப் பார்க்கும் சோதனை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் சூடான் சாயம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் அந்தச் சோதனையில் அது மாட்டாது.

வீட்டில் அரைப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு: ஈரம். சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சை வளர்ந்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகலாம். இது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுவதும் அழியாது. நாலைந்து மிளகாயைக் கிள்ளி உள்ளே பாருங்கள். கறுப்பாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால் அந்த மிளகாயே வேண்டாம். நல்ல மிளகாயை, ஒடித்தால் 'படக்'கென்று ஒடியும்வரை காயவிடுங்கள்.

சாம்பார் பொடி அளவு

மல்லி 500 கிராம், மிளகாய் 250 கிராம், துவரம்பருப்பு 100 கிராம், கடலைப்பருப்பு, மிளகு, விரலி மஞ்சள் தலா 50 கிராம், வெந்தயம் 25 கிராம். பருப்புகள், மிளகு, வெந்தயத்தைத் தனித்தனியாக வெறும் வாணலியில் வறுக்கவும். மற்றவை வெயிலில் காய்ந்தாலே போதும்.

அரைத்த பொடியைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டிபிடிக்கும். சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. தினசரி உபயோகத்துக்குச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியை இறுக்கமாக மூடி வையுங்கள். ஈரக் கரண்டி ஆகவே ஆகாது!

இஞ்சி பூண்டு விழுது: ஃப்ரிட்ஜ் கட்டாயம்

"மேலே எண்ணெய் ஊத்திட்டா வெளியிலேயே கெடாம இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பூண்டு மண்ணில் விளைவது. மண்ணில் உள்ள பொட்டுலினம் என்ற கிருமி அதோடு வரலாம். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில், வெளியே வைத்தால், அது கொடிய நஞ்சை உண்டாக்கும். வாசனையோ ருசியோ காட்டிக் கொடுக்காது. 1985-ல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் ஊறவைத்த பூண்டைச் சாப்பிட்ட பலர் இப்படித்தான் நோயில் விழுந்தார்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

உப்பும் உங்கள் கையில்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட் மசாலா, சாஸ் ஆகியவற்றில் நமக்குத் தெரியாமலே உப்பு சேர்ந்துவிடுகிறது. வீட்டில் அரைத்த பொடியில் நீங்கள் போட்டால்தான் உப்பு! ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சமையல் உப்பை மட்டும் அயோடின் சேர்த்த பாக்கெட்டாகவே வாங்குங்கள். தைராய்டு சுரப்பிக்கு அயோடின் அவசியம்.

முதல் மாதமே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். மஞ்சளில் ஆரம்பியுங்கள். மெஷினுக்கு வீட்டுக்காரர் போய் வரட்டும். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுவது பிள்ளைகள் வேலை. அடுத்த மாத லிஸ்டில் ஒரு வரி குறைந்திருக்கும்!