38-ஆ, 99-ஆ? பழைய ஜப்பானிய ராணுவத் துப்பாக்கிகளை இனம் காணச் சில குறிப்புகள்

போர் அருங்காட்சியகங்களில் ஜப்பானிய ரைபிள்கள் வரிசையாக நின்றால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும். அரிசாகா நரியாகிரா என்ற ராணுவ அதிகாரி தொடங்கி வைத்த குடும்பம் என்பதால் அந்தச் சாயல். அடுத்த முறை நின்று பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் நீளம். 38-ஆம் வகை சுமார் 128 செ.மீ.; பரவலாகக் கிடைக்கும் 99-ஆம் வகை சுமார் 112 செ.மீ. பயனெட் மாட்டிய 38 சுமார் 166 செ.மீ. ஆகிவிடும், தூக்கிய சிப்பாய்கள் பலரைவிட அது உயரம். (பயனெட்டுக்குத் தமிழில் ‘துப்பாக்கிச் சனியன்’ என்று பேர் வைத்தவர் அனுபவசாலி!) ஆனால் 99-இல் நீளமான ரகம் ஒன்றும், 38-இல் குட்டையான கார்பைன் ஒன்றும் உண்டு. அளவை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

2. நம்ப வேண்டியது எழுத்தை. குழலின் அடியில், தோட்டா அமரும் அறைக்கு மேலே, ஜப்பானிய எழுத்துகள் மேலிருந்து கீழாக வெட்டப்பட்டிருக்கும். மூன்று படுக்கைக் கோடுகள், அதன் கீழே உச்சி சேராத கூரை போல இரண்டு சாய்கோடுகள் இருந்தால் 38. ஒரே எழுத்து இருமுறை வந்தால் 44 அல்லது 99: பெட்டி போல இருந்தால் 44, கொக்கி போல வளைந்தால் 99. ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதே இல்லை.

3. எண்ணிலிருந்து ஆண்டைக் கணக்கிடலாம். 30, 38, 44 மூன்றும் மெய்ஜி ஆண்டுகள். 1867-ஐக் கூட்டினால் 1897, 1905, 1911. 99 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2599-இன் கடைசி இரண்டு இலக்கம், அதாவது 1939.

4. குழலின் துளை 38-க்கு 6.5 மி.மீ.; 99-க்கு 7.7 மி.மீ.

5. போல்ட்டின் பின்முனையில் கொக்கி நீட்டிக்கொண்டிருந்தால் 30. உள்ளங்கையால் அழுத்தித் திருப்பும் வட்டக் குமிழ் என்றால் அதற்குப் பிந்தையது. குழலோடு ஊசி போன்ற மடக்குப் பயனெட் நிரந்தரமாக இருந்தால் குதிரைப்படையின் 44.

6. 99-இன் ஆரம்பத் தயாரிப்பில் மடக்கும் கம்பிக் காலும், விமானத்தைக் குறிபார்க்கும் இறக்கைகளும் இருக்கும். போர் முற்ற முற்ற ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் குறிபார்க்க ஒரே நிலையான துளை, இரும்புக்குப் பதில் மரத்தில் அடித்தகடு, அராவாத குமிழ். முரடாக இருப்பதால் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

7. பின்கட்டையில் நீளவாக்கில் கோடு தெரிந்தால் விரிசல் அல்ல. இரண்டு மரத்துண்டுகளைப் பொருத்திச் செய்வதே அவர்கள் வழக்கம்.

8. எழுத்துக்கு மேலே 16 இதழ் செவ்வந்தி, சக்கரவர்த்தியின் முத்திரை. சரணடைந்து ஒப்படைத்தவற்றில் பெரும்பாலும் அதை அராவிவிட்டார்கள். 38 போலிருந்தும் முதலிலிருந்தே செவ்வந்தி இல்லாதது, இத்தாலி செய்துகொடுத்த ‘ஐ’ வகையாக இருக்கலாம்.

9. பள்ளி மாணவர் பயிற்சிக்குச் செய்தவையும் இதே தோற்றம்தான். பலவற்றில் குழலுக்குள் சுருள்வரி கிடையாது. வெற்றுத் தோட்டாவுக்கு மட்டுமே செய்தவை. நிஜத் தோட்டா போட்டால் வெடித்துச் சிதறி, சுடுபவரையே பதம் பார்த்துவிடும்.