மனப்பதற்ற மருந்தும் மறைந்த பசியும்

மனப்பதற்றத்துக்கு மருந்து உட்கொள்ளத் தொடங்கிய ஒருவர் முதல் வாரத்திலேயே சோற்றுத் தட்டைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும், அதைப் பார்த்துக் கலங்கிய வீட்டார், நோயைக் காட்டிலும் மருந்துதான் கொடியது என்று தாமே தீர்மானித்து மாத்திரை அட்டையை எடுத்து ஒளித்து வைத்துவிடுவதும், நமது புதுக்கோட்டை ஜில்லாவின் ஊர்களில் புதிய சங்கதி அல்ல. "மாத்திரை உடம்பை உருக்குது" என்று சொல்லும் தாயின் பயத்தை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். பிள்ளை இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காமல் எழுந்து போவதைத் தினந்தோறும் பார்க்கிறவள் வேறு என்ன நினைப்பாள்? ஆயினும் அந்த வீட்டாருக்கு முன்னே பல வழிகள் இருக்கின்றன. அவற்றுள் எதை முதலில் கைக்கொள்வது, எதைப் பிற்பாட்டுக்கு வைத்துக்கொள்வது, எதை அறவே விலக்குவது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுச் சொல்ல முற்படுகிறேன்.

தேர்வில் இறங்குமுன் ஒன்றைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். "வயித்தைப் புரட்டுது" என்று ஒருவர் சொன்னால் அது குமட்டல்; "பசியே எடுக்கலை, வாய்க்கு ருசிக்கலை" என்றால் அது பசியின்மை. இரண்டும் சேர்ந்தே வரலாமாயினும் இரண்டுக்கும் உரிய ஆகாரம் ஒன்றல்ல. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின் முதலிய மாத்திரைகள் செரட்டோனின் என்னும் இரசாயனத்தின் போக்கை மாற்றி மனத்தின் பதைப்பைத் தணிப்பவை. ஆனால் தேகத்திலுள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவிகிதம் குடலில்தான் இருக்கிறதாகையால், மனத்துக்கென்று விழுங்கிய மருந்து வயிற்றையும் தொடாமல் விடுவதில்லை. அதிலும் ஒரு சங்கடம்: தொந்தரவு முதலில் வருகிறது, குணம் பின்னால் வருகிறது. குமட்டல் முதல் சில நாட்களிலேயே தோன்றிப் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் அடங்கிவிடுகிறது. பதற்றம் தணிவதற்கோ 2 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். மருந்து தின்று பலனும் காணாமல் பசியும் போய் நிற்கும் அந்த இடைக்காலத்தில்தான் மனிதர் மனம் தளர்ந்து மாத்திரையைக் கைவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பதற்றமே பசியைக் கொல்லக்கூடிய வியாதி. ஆகவே மாத்திரை தொடங்குமுன்பே சாப்பாடு குறைந்திருந்ததா என்பதை நிதானமாக நினைவுகூர்வது நல்லது. குறைந்திருந்தால் பழி முழுவதையும் மருந்தின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்பது முதற்கேள்வி. நிறுத்துவது சுலபமாகத் தோன்றும். ஆனால் சில வாரங்கள் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் தாக்கினாற்போன்ற அதிர்வு, எரிச்சல், தூக்கமின்மை ஆகியவற்றோடு, எந்தக் குமட்டலுக்குப் பயந்து நிறுத்தினோமோ அந்தக் குமட்டலே திரும்பி வருவதும் உண்டு. பாராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றில் இது கடுமையாக இருக்கும். தேகத்தை விட்டு மெல்ல நீங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினில் குறைவு. இவற்றோடு குளோனாசெபாம் சேர்த்துக் கொடுத்திருந்தால், பல நாள் பழகிய பின் அதைச் சடுதியில் விடுவது வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக்கூடும். எனவே மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆகவில்லை, எடை பெரிதாக இறங்கவில்லை, நீராகாரமாவது தங்குகிறது என்றால், பொறுப்பதே சிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பொறுக்கும் காலத்தில் செலவில்லாமல் செய்யக்கூடிய மாறுதல், மாத்திரையின் நேரத்தை மாற்றுவது. வெறும் வயிற்றில் விழுங்குவதைவிடச் சிறிது ஆகாரத்துக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும். மருந்தின் வேகம் அதனால் கெடுவதில்லை. காலையில் சாப்பிட்டுப் பகலெல்லாம் புரட்டுகிறவர், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு இரவு உணவுக்குப் பின் மாற்றிக்கொண்டால் குமட்டல் தூக்கத்திலேயே கழிந்துவிடும். ஆனால் அந்த மருந்தே தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் காலைதான் உசிதம். கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ரமலான் நோன்பு பிடிப்பவர்கள் மருந்தை விட்டுவிடாமல், தினம் ஒரு வேளை மாத்திரையாயின் நோன்பு திறந்து உண்ட பின் எடுத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆகாரம்; இதில்தான் வீட்டாரின் அன்பு பெரும்பாலும் வழிதவறுகிறது. பிள்ளை மெலிகிறானே என்று நெய் மணக்க வெண்பொங்கலும், நன்றாகத் தாளித்த குழம்பும், மீன் வறுவலுமாக முன்னே வைப்பார்கள். குமட்டல் உள்ள நாட்களில் கொழுப்பு இரைப்பையில் நீண்ட நேரம் தங்கிப் புரட்டலை அதிகப்படுத்தும். அடுப்பிலிருந்து எழும் தாளிப்பு வாசனையே ஓங்கரிக்கச் செய்யும். அந்நாட்களுக்கு ஏற்றவை ஆறியவையும் வாசனை அடங்கியவையும்தான்: ஆறிப்போன இட்லி, பொரி, ரஸ்க், தயிர்சாதம், ஒரு துண்டு நார்த்தங்காய், இஞ்சி தட்டிப் போட்ட மோர். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு நவீன ஆராய்ச்சிகளிலும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. நோயாளி சமையலறைக்கு வெளியே, காற்றோட்டமான திண்ணையில் உட்கார்ந்து உண்ணட்டும். சமைப்பவரே நோயாளியாகவும் இருக்கிற வீடுகளே அதிகம் என்பதை நாம் மறக்கலாகாது. அந்தப் பெண்ணை இரண்டு வாரம் அடுப்படியிலிருந்து விடுவிப்பது எந்த டானிக்கைக் காட்டிலும் பெரிய உபகாரம்.

குமட்டல் அடங்கிப் பசியின்மை மட்டும் எஞ்சி நின்றால் கணக்கு தலைகீழாகிறது. அப்போது வேண்டுவது, கொஞ்சமாகத் தின்றாலும் சக்தி மிகுதியாகத் தரும் பண்டம். இங்கே கூழையும் பழைய சோற்றையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கேழ்வரகுக் கூழ் நல்ல ஆகாரம், அதில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். நீராகாரம் வெயிற்காலத்துக்கு இதம். ஆனால் இரண்டிலும் தண்ணீர் அதிகம், வயிறு நிரம்பும் அளவுக்குத் தேகத்துக்குச் சேர்வது சொற்பம். பசியுள்ள உழவர் ஒரு சொம்பு குடித்துவிட்டு மதியம் மறுபடியும் உண்பார். பசியற்றவருக்கோ அந்த ஒரு சொம்போடு அன்றைய சாப்பாடே முடிந்துபோகிறது. அதே கேழ்வரகைப் பாலும் வெல்லமும் சேர்த்துக் கெட்டியாகக் களிகிளறி அரைக் கிண்ணம் கொடுப்பது மேல்.

நமது மண் இந்த விஷயத்தில் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் வறுத்து விற்கும் முந்திரியும், ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்து நிலக்கடலையும் 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் தருபவை. நிலக்கடலையில் அதே அளவுக்கு 25 கிராம் புரதமும் உண்டு. முந்திரி வாங்க இயலாதவர் கடலையினால் ஒன்றும் இழந்துவிடமாட்டார். ஒரு கைப்பிடி கடலையும் ஒரு துண்டு வெல்லமும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், யாரும் பரிமாற வேண்டியதில்லை, யாரும் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தவும் மாட்டார்கள். இராயவரம், அரிமளம், பனையப்பட்டி முதலான நகரத்தார் ஊர்களில் உளுந்தும் பாசிப்பயறும் வறுத்தரைத்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிண்டும் கும்மாயத்தை விருந்துப் பண்டமாகவே கருதுகிறோம். பசியற்றவருக்கு அது எலுமிச்சங்காய் அளவு போதும், மெல்ல வேண்டிய சிரமமும் இல்லை. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கத்தார்க்கு சுறாப்புட்டு உண்டு. குமட்டல் தீர்ந்த பிறகு அது மிருதுவான, புரதம் செறிந்த ஆகாரம். வடகாடு, கீரமங்கலத்துப் பலா கிடைக்கும் மாதங்களில் இரண்டு சுளை இடைவேளைத் தீனியாகலாம். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். டப்பாவில் விற்கும் ஊட்டமாவு இவற்றைவிட உயர்ந்தது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. விழுங்கவே முடியாதவருக்கும், தனியே வசித்துச் சமைக்க இயலாதவருக்கும் மட்டும் அது சௌகரியம்.

எதைத் தின்பது என்பதோடு எப்போது என்பதும் உண்டு. பசி என்னும் மணி அடிக்காதபோது கடிகார மணியைத்தான் நம்ப வேண்டும்: மூன்று பெரிய வேளைக்குப் பதிலாக, இரண்டரை அல்லது மூன்று மணி நேரத்துக்கொரு தரம் சிறு வேளையாக உண்பது. தண்ணீரைச் சாப்பிடும்போதே குடிக்காமல் முன்னும் பின்னும் குடிப்பது. டீக்கடைப் பழக்கம் உள்ளவர்கள் அதைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். வெறும் வயிற்றில் நாலைந்து தடவை குடிக்கும் தேநீர் பசியையும் மழுக்கும், பதற்றத்தையும் கிளப்பும். புகையிலையும் பசியை அடக்குவதே.

அடுத்து, பசியைத் தூண்டுவதற்கென்றே உள்ள மருந்துகள். இதில் மூன்று வகையை ஒப்பிட வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் "பசி சிரப்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின். அது பசியைத் தூண்டுவது மெய்யே. ஆனால் அது செரட்டோனினுக்கு எதிராக வேலை செய்வது ஆகையால், பதற்றத்துக்குக் கொடுத்த மருந்தின் பலனையே குறைத்துவிடக்கூடும். தூக்கக் கலக்கம் தரும். கண்நீர் அழுத்த நோயும், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பும் இருந்தால் ஆகாது. மனநல வைத்தியர் தெரிந்து எழுதினாலன்றி இதை விலக்க வேண்டும். "உடம்பு தேற" என்று பெயரில்லாத பொட்டலத்தில் யாரேனும் மாத்திரை கொடுத்தால் தொடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். மூன்றாவது, சித்த வைத்தியத்தின் பஞ்சதீபாக்கினிச் சூரணம் போன்றவை. சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஏலம் ஆகிய சமையலறைச் சரக்குகளே அதில் உள்ளனவாதலால், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டு, சிறிதளவில், ஆங்கில மருந்து இன்னதென்று சொல்லி வாங்கிக்கொள்வதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. அமுக்கரா சேர்ந்த லேகியங்களைத் தூக்கம் தரும் மாத்திரைகளோடும், தைராய்டு நோயோடும் கேட்காமல் சேர்க்கலாகாது.

"கேஸ் மாத்திரை"யையும் வலி மாத்திரையையும் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி குறையுள்ளதாகும். ஓமெப்ரசோல் எஸ்சிட்டலோபிராமின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடியது. குமட்டலுக்கென்று அதை விழுங்கிக் குமட்டலையே வளர்த்துக்கொள்ளலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் முதலியவை இந்த மாத்திரைகளோடு சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவுக்கு இடம் தருபவை. இரண்டையும் கடையில் கேட்டு வாங்கித் தின்பதைவிட, எழுதிக் கொடுத்த வைத்தியரிடமே கேட்பது மேல்.

எப்போது பொறுமை போதாது? வாரம் ஒரு நாள், ஒரே இயந்திரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது எடை பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடும். ஒரு மாதத்தில் 100க்கு 5 பங்கு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ இறங்கினாலோ, மூன்று நான்கு வாரம் கடந்தும் பசி திரும்பாவிட்டாலோ, மருந்தை மாற்றிக் கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது. வைத்தியர் செய்யக்கூடியவை சில: அளவைக் குறைத்து மெல்ல ஏற்றுவது, ஃப்ளூவாக்ஸெட்டினிலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவது, மெலிந்து தூக்கமும் இழந்தவருக்கு, பசியையும் உறக்கத்தையும் சேர்த்துத் தரும் மிர்ட்டசபினை இரவில் கொடுத்துப் பார்ப்பது. மிர்ட்டசபின் பின்னாளில் எடையை அதிகமாக்கும் என்பதால் பருமனானவருக்கு அது முதல் தேர்வாகாது. பதற்றம் மிதமானதாயின் பேச்சு வழிச் சிகிச்சையும் ஒரு தேர்வு. அது பசியைத் தொடுவதில்லை, ஆனால் வாரந்தோறும் பேருந்து ஏறி வர வேண்டும், பலன் மெதுவாகவே வரும்.

2017ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தங்கள் வட்டார மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டறியலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடைபெறும் டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை அட்டையையும் எடைக் குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சிலர் இரண்டு வாரமும் காத்திருக்கலாகாது. சர்க்கரை வியாதிக்கு இன்சுலினோ கிளிமிப்ரைடோ எடுத்துக்கொள்கிறவர் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து, நெஞ்சு படபடத்து, வியர்த்து, கை நடுங்கும். பதற்றம் வந்துவிட்டதென்றே அவரும் வீட்டாரும் எண்ணிக்கொண்டு படுக்க வைத்துவிடுவார்கள், அது உயிருக்கே ஆபத்து. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். முதியவருக்குப் பசியின்மையோடு குழப்பமும் தடுமாற்றமும் சேர்ந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்திருக்கலாம். இந்த மருந்துகளில் அது அறியப்பட்ட ஒன்று. மாலைக் காய்ச்சலும் நாட்பட்ட இருமலும் கூட இருந்தால், காசநோயா என்று அறியச் சளிப் பரிசோதனை அவசியம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைவு ஒருவருக்கு வந்திருந்தால் பசியைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்து, அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பசி திரும்பும்போது இன்னொரு தேர்வு வருகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாக உறங்குகிறான், இனி மாத்திரை எதற்கு என்று வீட்டில் பேச்சு எழும். குணம் தெரிந்த பின்னும் பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை மருந்தைத் தொடரச் சொல்வதே வைத்திய வழக்கம். இடையில் விட்டவருக்குப் பதற்றம் மீண்டும் வருவது அதிகம். விடும் காலம் வந்தபோதும், எழுதிக் கொடுத்த வைத்தியரே வாரக் கணக்கில் படிப்படியாக அளவைக் குறைத்து விடச் செய்வார்.