மேடையில் ஒரு குடிகாரனின் காதற் பாட்டு

பாட்டைச் சுவைப்பதற்கும் பயிற்சி வேண்டும். அதை எனக்குக் கற்பித்தது வகுப்பறையன்று. தாராசுரத்து நெசவாளர் தெருவொன்றில், கோயில் திருவிழாவில் நடந்த மெல்லிசைக் கச்சேரி.

அன்றிரவு பாடகர் ‘தேவதாஸ்’ படத்தின் ‘உலகே மாயம்’ பாடலை எடுத்தார். 1953-இல் வந்த அப்படத்தில் அதைப் பாடியவர் கண்டசாலா; படத்தின் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன். படம் வெளிவரு முன்பே, 1952-இல், அவர் மறைந்தார். கதையோ சரத்சந்திரரின் வங்க நாவல், 1917-இல் வெளியானது. தந்தையின் சொல்லை மீறத் துணிவின்றிப் பார்வதியை இழந்த தேவதாஸ், குடித்தே மடிகிறான்.

பாடகர் கையில் ஒரு புட்டியை ஏந்தித் தள்ளாடியபடி பாடினார். இளைஞர்கள் சீட்டியடித்தனர், நானும் சிரித்தேன். “இன்னொரு தடவை!” என்று குரல் எழுந்தது. இம்முறை, களைப்போ என்னவோ, புட்டியைக் கீழே வைத்துவிட்டு, மைக்கின் முன் அசையாமல் நின்று பாடினார். சிரிப்பு அடங்கியது. எனக்கு முன்னால் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு தேவதாஸ் உண்டென்பதைத் தெருவே அறியும்.

ஒரே பாட்டு, ஒரே பாடகர், வேறுபாடு எங்கே? இவ்வகைப் பாட்டில் போதை குரலில் இருக்கலாம், சுருதியில் இருத்தலாகாது. சொல்லின் இறுதி தளரலாம், மூச்சு தேயலாம், தாளம் தவறலாகாது. நிலைகுலைந்தவனை நிலைகுலையாத இசை தாங்கும்போதுதான் இரக்கம் பிறக்கிறது. பாடுபவரே தள்ளாடினால் வேடிக்கைதான் மிஞ்சும்.

பொருளையும் இவ்வாறே நோக்க வேண்டும். உலகம் பொய்யென அவன் பாடுவது சித்தர் கண்ட ஞானமன்று. தன் கோழைத்தனத்துக்கு அவன் தேடிய சாக்கு. பார்வதியின் அன்பு பொய்யன்று என்பதைக் கேட்போர் அறிவர், அவனும் அறிவான். அந்த அறிவே அவனைச் சுடுகிறது. அதை மறக்கவே குடிக்கிறான். இதை உணர்ந்து கேட்பவர்க்கே பாட்டின் முழுத் துயரும் புலப்படும்.

இப்பாட்டு வந்த நாளில் நம் மாநிலத்தில் மதுவிலக்கு இருந்தது. 1948-இல் மாநிலமெங்கும் நடைமுறைக்கு வந்த அது, 1971-இல் தளர்த்தப்பட்டது. இன்று அரசின் கடைகளிலேயே மது விற்கப்படுகிறது. ஆதலின், நாம் கைதட்டும் கூட்டத்தில் தேவதாஸ்களின் தாயரும் மனைவியரும் அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் முகம் நோக்கிச் சுவைப்பதே நல்ல ரசனை என்பது என் துணிபு.