கோடி மடங்கு யாருக்கு வேண்டும்?

கேரள மலைப்பகுதியான சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அடிக்கும் மருந்து காயில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை அங்கேயே பார்க்க முடியுமா? வெள்ளியிலோ தங்கத்திலோ நானோ அளவு மேடுபள்ளம் உண்டாக்கி, அதில் ஒட்டிய மூலக்கூறு தன்மேல் படும் ஒளியை நிறம் மாற்றிச் சிதறும் ராமன் ஒளியைப் பெருக்கிப் படிக்கும் முறை இதற்குத் தோதானது. ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் 1928இல் கொல்கத்தாவில் கண்ட அந்த ஒளி மிக மங்கலானது. 1974இல் சவுத்தாம்ப்டனில் ஃப்ளைஷ்மன் குழு, சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் பிரிடின் வலுவாகத் தெரிவதைக் கண்டது. அன்றுமுதல் பரப்பு செய்பவர்களில் பலர், எத்தனை மடங்கு பெருக்கம் என்ற எண்ணையே துரத்துகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது, அந்த எண்ணைப் பிறகு பாருங்கள். பரப்பில் எங்கே லேசரை வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி வருகிறதா என்பதே முதல் கேள்வி.

இதற்கு வலுவான சான்று 2008இல் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலாட் குழு அளந்தது. நானோ உருண்டைகள்மேல் வெள்ளி படியவைத்த பரப்பு அது, ஓரளவு ஒழுங்கானதும்கூட. அதிலேயே நூறு கோடி மடங்குக்கு மேல் பெருக்கும் இடங்கள் பத்து லட்சத்துக்கு 63தான். மொத்த ஒளியில் 24 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது. அந்த 63இல் மூலக்கூறு விழுந்ததா இல்லையா என்பது தற்செயல். அப்படி அபூர்வமான இடங்களை நம்பி உச்ச எண்ணைக் காட்டும் தகடு, அளவுகோலாக உதவாது.

எச்சம் நுண்ணளவாயிற்றே, பெருக்கம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் வாங்குபவர் கேட்பது, வரம்புக்கு மேலா கீழா என்பது. ஓரிடத்தில் உச்சமும் பக்கத்தில் வெறுமையும் காட்டும் தகடு அதற்குப் பதில் சொல்லாது. அதோடு, காய்ச்சாற்றில் முதலில் இடறுவது பெருக்கக் குறைவு அல்ல. சினியோல், டெர்பினைல் அசிடேட் போன்ற ஏலத்தின் வாசனைப் பொருள்கள் உலோகத்தில் இடம்பிடிக்கப் போட்டியிடும். பச்சையம் ஒளிர்ந்து மறைக்கும். கந்தகத்தால் வெள்ளியை இறுகப் பற்றும் தைரம் என்ற பூஞ்சைக்கொல்லி ஆய்வுக்கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டுவது சும்மா அல்ல, அது சுலபமான பரீட்சை. எனவே சாற்றைச் சுத்திகரிப்பதில் செலவிடும் உழைப்பு பலன் தரும். மருந்து படாத காயின் சாற்றையும், எதுவும் இடாத வெறுந்தகட்டையும் கூடவே அளக்க வேண்டும். சிட்ரேட் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளிக் கரைசலில் சிட்ரேட்டே கோடுகள் காட்டும். அந்தக் கரைசல் மலிவு, ஆனால் காய்ச்சலுக்குக் காய்ச்சல் குணம் மாறும்; சொட்டாக உலர்த்தினால் துகள் விளிம்பில் வளையமாகச் சேரும். ஒரே புள்ளியை நம்பாமல் தகடு முழுக்கப் பல புள்ளிகளில் அளந்து, சிதறலையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சீரான தகட்டுக்கு வெற்றிட அறை வேண்டும், மலையில் ஏது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அறை மலையில் இருக்க வேண்டியதில்லை. ஒரே படிவில் பல தகடுகள் செய்து, காற்றுப்புகாமல் மூடிக் கொண்டுவரலாம். சிக்கல் திறந்த பிறகுதான்: காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி கறுக்கும், ஈரம் அதை விரைவுபடுத்தும். மழைக்காலத்துக்கு நான் தங்கத்தையே தேர்வேன். பெருக்கம் குறையும்; ஆனால் 785 நானோமீட்டர் லேசருக்குத் தங்கம் பொருந்தும், அந்த நிறத்தில் ஒளிர்வுத் தொல்லையும் குறைவு.