எண்ணிப் பார்த்து ஏறுவோம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சிற்றூர். அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே பலருக்கும் தாய்மொழி தமிழ்.

அந்த ஊரில் மாலை ஏழு மணிக்குத் தொடர்கல்வி மையம் கூடும். பெண்கள் எட்டுப் பேர் வருவார்கள். எல்லோரும் பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள். அவர்களில் மூத்தவர் ‘பெரியம்மா’. வயது 62. பாலக்காட்டைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை.

ஒரு நாள் டீச்சர் சுவரில் கேரளப் படத்தை மாட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இது கொச்சி. இந்த நீலமெல்லாம் தண்ணி. நடுவுல இருக்கிறது தீவுங்க” என்றார்.

“தண்ணி நடுவுல ஊரா? அங்க எப்படிங்க போறது?” என்று கேட்டார் பெரியம்மா.

“படகுலதான். காலையில கிளம்பினா ராத்திரிக்குள்ள வீடு வந்து சேரலாம்.”

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். போவது என்று முடிவாயிற்று.

வீட்டில் பெரியம்மா இதைச் சொன்னார். மகன் சிரித்தான். “தண்ணியில போறதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? போர்டு எல்லாம் மலையாளத்துல இருக்கும். நீ படிச்சது தமிழு. தொலைஞ்சு போனா எங்க வந்து தேடறது?”

பெரியம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் இதையே கேட்டார். டீச்சர் சொன்னார்: “எழுத்து வேறதான். ஆனா எண் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானுங்க பெரியம்மா. மணி, கட்டணம், பிளாட்பார நம்பர் எல்லாம் உங்களுக்குப் படிக்கத் தெரியும். மீதியை வாய் திறந்து கேட்டுக்கலாம்.”

காயல் என்றால் என்ன?

கடலோரத்தில் மணல் மேடு நீளமாக நிற்கும். அதன் பின்னால் நீர் தேங்கி நிற்கும். மணல் மேட்டில் ஓரிரு இடங்களில் வாய் போலத் திறப்பு இருக்கும். அதன் வழியாகக் கடல் நீர் உள்ளே வரும், வெளியே போகும். ஆற்று நீரும் வந்து கலக்கும். இப்படிப்பட்ட நீர்ப்பரப்பைக் காயல் என்கிறோம்.

கேரளத்தின் மிகப் பெரிய காயல் வேம்பநாட்டுக் காயல். அதன் நீளம் சுமார் 96 கிலோமீட்டர். கொச்சியில் அது கடலோடு சேர்கிறது. கப்பல்கள் ஒதுங்கி நிற்க அது நல்ல இடம். அதனால்தான் பல நாட்டு வணிகர்கள் அங்கே வந்தார்கள். 1503-இல் போர்ச்சுகீசியர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1663-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1795-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

எந்த நாளில் போவது?

“ஞாயித்துக்கிழமை போலாம். எல்லாருக்கும் லீவு” என்றார் தையல் அக்கா.

டீச்சர் கரும்பலகையில் எழுதினார்:

வெள்ளி: மட்டாஞ்சேரி அரண்மனை மூடியிருக்கும்.
சனி: யூதர்களின் ஓய்வு நாள். அவர்களின் கோயில் மூடியிருக்கும்.
ஞாயிறு: காலையில் தேவாலயத்தில் வழிபாடு நடக்கும். படகிலும் கூட்டம் அதிகம்.

“அப்படீன்னா புதன்கிழமை போலாம். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது” என்றார் பெரியம்மா. எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள்.

எந்த மாதம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. காற்றும் பலமாக வீசும். அதனால் தை மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் குறித்தார்கள்.

பணத்துக்கு என்ன வழி?

ஆளுக்கு வாரம் 20 ரூபாய் சேர்த்தார்கள். 20 வாரங்களில் ஒருவருக்கு 400 ரூபாய் ஆனது. எட்டுப் பேருக்கும் சேர்த்து 3,200 ரூபாய். கணக்கு நோட்டு கடைக்காரம்மாவிடம் இருந்தது. ரயில், படகு, ஆட்டோ, நுழைவுச் சீட்டு, டீ என்று தனித்தனியாக எழுதினார்கள். கட்டணம் அடிக்கடி மாறும். ஆகவே டீச்சர் முதல் வாரமே விசாரித்து வந்து சொன்னார்.

பெரியம்மா ஒரு தாளில் நேரத்தை எழுதிக் கொண்டார். அதன் கடைசி வரி இது: “கடைசிப் படகை நம்பக் கூடாது. அதற்கு முந்தின படகே நம் படகு.”

பையில் என்ன வைப்பது? தண்ணீர், புளிசாதம், குடை, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை. ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டு. அதில் பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண். பால்காரம்மா தன் சீட்டைத் தானே எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் எண்ணில் பிழை இல்லை.

படகில் இருந்து பார்த்தால்

புதன்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில். அங்கிருந்து படகுத்துறை. அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகில் சீட்டு வாங்கினார்கள். கோட்டைக் கொச்சிக்குச் சுமார் இருபது நிமிடப் பயணம்.

படகு அசைந்தது. பெரியம்மா தையல் அக்காவின் கையைப் பிடித்துக் கொண்டார். சிறிது நேரத்தில் பிடி தளர்ந்தது. வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

இடப்பக்கம் தெரிவது வெலிங்டன் தீவு. இது மனிதன் உண்டாக்கிய தீவு. பெரிய கப்பல்கள் உள்ளே வருவதற்காகக் காயலை ஆழப்படுத்தினார்கள். தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி நிலம் ஆக்கினார்கள். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-இல் வந்து இந்த வேலையை நடத்தினார்.

வலப்பக்கம் போல்காட்டித் தீவு. அங்கே 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை இருக்கிறது. இப்போது அது விடுதி.

அதைத் தாண்டி வல்லார்பாடம் தீவு. அங்கே மாதாவின் பழைய தேவாலயம் இருக்கிறது. பெட்டிச் சரக்குகளை ஏற்றி இறக்கும் துறைமுகமும் இருக்கிறது. அதன் பெரிய பாரந்தூக்கிகள் தூரத்தில் இருந்தே தெரியும்.

அதற்கும் அப்பால் வைப்பின் தீவு. இது நீளமானது, மக்கள் நெருக்கம் மிகுந்தது. முன்பு இந்தத் தீவு மக்கள் எர்ணாகுளம் போகப் பெரும்பாலும் படகையே நம்பியிருந்தார்கள். நோயாளியையும் படகில் கொண்டு போனார்கள். பாலம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2004-இல்தான் பாலங்கள் வந்தன.

“நமக்கு ஒரு நாள் வேடிக்கை. அவங்களுக்கு அதுவே பொழப்பா இருந்திருக்கு” என்றார் பால்காரம்மா.

கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும்

கோட்டைக் கொச்சியில் முதலில் கண்ணில் படுவது சீன வலை. பெரிய மரச் சட்டத்தில் வலை தொங்குகிறது. மறு முனையில் கற்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தராசு போல ஒரு பக்கம் இறங்கினால் மறு பக்கம் ஏறும். சில ஆட்கள் சேர்ந்து அந்தப் பெரிய வலையைத் தண்ணீரில் இறக்கித் தூக்கிவிடுகிறார்கள். சீன வணிகர்கள் இந்த முறையைக் கொண்டுவந்ததாகக் கூறுவார்கள்.

பக்கத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் போர்ச்சுகீசியர் இங்கே மரத்தால் முதல் கோயிலைக் கட்டினார்கள். கடல் வழியாக இந்தியா வந்த வாஸ்கோடகாமா 1524-இல் கொச்சியில் இறந்தார். அவரை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு எச்சங்களைப் போர்ச்சுகல்லுக்கு எடுத்துப் போனார்கள். புதைத்த இடம் மட்டும் இருக்கிறது.

அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி. அரண்மனையைப் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். அதனால் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர் வந்துவிட்டது. உள்ளே சுவரில் இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அருகில் 1568-இல் கட்டிய யூதர் கோயில். அதன் தரையில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள் பதித்திருக்கிறார்கள். மதியம் கோயிலை மூடிவிடுவார்கள். நேரத்தைத் தாளில் எழுதி வைத்திருந்ததால் அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். பிறகு கோட்டைக் கொச்சியில் சலவைத் துறைக்குப் போனார்கள். கயிறுகளில் வெள்ளைத் துணி வரிசையாகக் காய்ந்தது. அங்கே துணி துவைப்பவர்கள் தமிழில் பேசினார்கள்! டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள்.

“எந்த ஊருங்க?” என்று ஒரு பாட்டி கேட்டார். பெரியம்மாவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

படகுத்துறையில் நடந்தது

மணி நான்கு. அடுத்து வைப்பினுக்குப் போக வேண்டும். படகுத்துறையில் நீண்ட வரிசை.

அப்போது ஒருவர் வந்தார். “வரிசையில எதுக்கு நிக்கணும்? நம்ம படகுல வாங்க. தீவெல்லாம் சுத்திக் காட்டறேன். காசும் கம்மி” என்றார். கால் வலியில் இருந்த கடைக்காரம்மா உடனே நடக்கத் தொடங்கினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

பெரியம்மா படகின் அருகில் நின்றார். அதன் பக்கத்தில் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. அது அவருக்குப் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. 20.

“இது என்னங்க கணக்கு?” என்று கேட்டார்.

“அது... ஆளுங்க கணக்கு பாட்டி.”

பெரியம்மா படகுக்குள் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணினார். குழந்தைகளோடு 23 பேர். உயிர் காக்கும் மிதவைச் சட்டையையும் தேடினார். கம்பியில் ஏழோ எட்டோதான் தொங்கின.

“இப்பவே மூணு பேர் கூட இருக்காங்க. எங்க எட்டுப் பேரும் ஏறினா முப்பத்தொண்ணு. நாங்க வரலைங்க.”

“ஒண்ணும் ஆகாது பாட்டி. தினமும் இப்படித்தான் போறோம்.”

“தினமும் ஆகாதது ஒரு நாள் ஆச்சுன்னா? தானூர்ல என்ன ஆச்சு?”

படகுக்காரர் பேசவில்லை. தானூர் என்ற சொல் படகுக்குள்ளும் கேட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. இருட்டிய பிறகு, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக் கொண்டு போன படகு அது. 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். அதற்கு முன்பு 2009-இல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இந்தச் செய்திகளைப் பெரியம்மா வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார்.

படகில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். கணவரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு இறங்கிவிட்டார்.

எட்டுப் பேரும் மீண்டும் வரிசையில் போய் நின்றார்கள். கடைக்காரம்மா காலைத் தடவிக் கொண்டார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்புதல்

வரிசை நகர்ந்தது. வைப்பினுக்கு ஐந்து நிமிடம்தான். அங்கே தீவுச் சந்தையில் டீ குடித்தார்கள். பிறகு ‘வாட்டர் மெட்ரோ’ படகில் எர்ணாகுளம் திரும்பினார்கள். இது 2023 ஏப்ரலில் தொடங்கியது. மின்சாரத்தில் ஓடும் படகு. ஒரு படகில் 100 பேர் போகலாம். எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். 100 ஆனதும் கதவு மூடிவிடும். மற்றவர்கள் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

“இங்க எண்ணுற வேலை நமக்கில்ல” என்று பெரியம்மா சிரித்தார்.

எர்ணாகுளம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் அதுதான். 1990-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. ரயிலில் வரும்போது டீச்சர் இதைச் சொன்னார்.

இரவு பேருந்து நிறுத்தத்தில் மகன் காத்திருந்தான். “தொலைஞ்சு போகலையே?” என்று கேட்டான்.

பெரியம்மா மடித்து வைத்திருந்த தாளை அவனிடம் கொடுத்தார். காலையில் இருந்து போன இடம், நேரம், செலவு எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே அன்று எழுதிய ஒரு வரி: “படகில் 20. உள்ளே 23. ஏறவில்லை.”

மகன் தாளை இரண்டு முறை படித்தான். பிறகு அம்மாவின் பையை வாங்கிக் கொண்டு முன்னால் நடந்தான்.

படகில் ஏறும் முன்

1. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? பாருங்கள்.
2. ஏறியிருப்பவர்களை எண்ணுங்கள். குழந்தையும் ஓர் ஆள்தான்.
3. எல்லோருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா? கேட்டு வாங்கி அணியுங்கள்.
4. இருட்டிய பிறகு உல்லாசப் படகில் ஏறாதீர்கள்.
5. எல்லோரும் ஒரே பக்கம் போய் நிற்காதீர்கள். படகு சாயும்.

கணக்குப் போடுங்கள்

1. நால்வர் இறங்கிய பிறகு அந்தப் படகில் எத்தனை பேர் இருந்தார்கள்?
2. எட்டுப் பேர் சேர்த்த பணம் 3,200 ரூபாய். செலவு 2,640 ரூபாய். மீதி எவ்வளவு? ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் படகு இல்லாமல் இருக்கலாம். ஷேர் ஆட்டோவும் வேனும் இருக்கின்றன. அவற்றில் எத்தனை பேர் ஏறலாம்? எத்தனை பேர் ஏறுகிறார்கள்?