‘ஃபின்’ யார் வைத்த பெயர்?

கேள்வி: ஃபின்லாந்து மக்கள் தங்கள் நாட்டை ‘சுவோமி’ என்கிறார்களாமே, ‘ஃபின்’ எப்படி வந்தது?

பதில்: அது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். ஃபின்னிஷ் மொழியின் சொந்தச் சொற்களில் ‘ஃப’ ஒலியே கிடையாது! அவர்கள் தங்களைச் ‘சுவோமலைசெட்’ என்கிறார்கள். உறவு மொழி பேசும் எஸ்தோனியர்களுக்கு அவர்கள் ‘சோம்லசெட்’; லாட்வியர்களுக்கு ‘சோமி’.

ஜெர்மானிய மொழிகளில்தான் ‘ஃபின்’ வேரூன்றியது. கி.பி. 98-இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், வடக்கே ‘ஃபென்னி’ என்ற வேட்டைக்கார மக்களைக் குறிப்பிடுகிறார். அவர்கள் இன்றைய ஃபின்கள் அல்லர், சாமி எனும் வடபுலப் பழங்குடி இனத்தின் முன்னோர் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். நார்வேயிலும் ‘ஃபின்’ என்றால் நெடுங்காலம் சாமிகள்தான். அந்நாட்டின் வடகோடி மாவட்டம் இன்றும் ஃபின்மார்க். ஆக, பெயர் ஆள் மாறி ஒட்டிக்கொண்டது.

ஃபின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசுபவர்கள் இதில் நுணுக்கம் பார்ப்பார்கள். ஃபின்னிஷ் பேசுபவர் ‘ஃபின்னே’. ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் உட்பட, அந்நாட்டுக் குடிமக்கள் எல்லோரும் ‘ஃபின்லேண்டாரே’. போதாக்குறைக்கு, ஸ்வீடிஷில் ‘ஃபின்னே’ என்றால் முகப்பருவும்கூட!

ஃபின்களும் சளைத்தவர்கள் அல்லர். அவர்கள் வாயில் ஜெர்மனி ‘சக்சா’, ரஷ்யா ‘வெனாயா’, ஸ்வீடன் ‘ருவோட்சி’. வேடிக்கை என்னவென்றால், ‘ரஷ்யா’ என்ற பெயருக்கும் இந்த ‘ருவோட்சி’க்கும் வேர் ஒன்றே என்பது மொழியியலாளர் பெரும்பாலோர் கருத்து.