சாலையோரத்தில் ஒரு நீதிமன்றம்

லண்டன் மாநகரில் பள்ளிகளுக்கு அருகே உள்ள பல சாலைகளில் வாகனங்கள் மணிக்கு 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. அத்தகைய சாலை ஒன்றில் வேகமாக வந்த காரைக் காவல் அதிகாரி கைகாட்டி நிறுத்துகிறார். ஓட்டுநர் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அபராதச் சீட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். அவரிடம் வருபவர்களோ பளிச்சென்ற மேலங்கி அணிந்த இரண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய கையில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. "ஏன் இவ்வளவு வேகமாக வந்தீர்கள்? இங்கே எங்கள் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். ஓட்டுநர் பதில் சொல்லியாக வேண்டும்.

பள்ளி நாடகத்தில் வரும் காட்சிபோல இது தோன்றலாம். ஆனால், இது உண்மையாகவே நடந்துவந்திருக்கிறது. லண்டனின் போக்குவரத்து அமைப்பும் மாநகரக் காவல்துறையும் இணைந்து நடத்திய 'இளையர் சாலைக் கண்காணிப்பு' என்னும் திட்டத்தில் 9 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். காவல் அதிகாரிகளின் துணையோடு கார்களின் வேகத்தைக் கருவியால் அளப்பதும் அவர்களுடைய வேலைகளுள் ஒன்று. இங்கிலாந்தின் வேறு சில வட்டாரங்களில் இதுபோன்ற ஏற்பாட்டிற்குச் 'சிறுவர் நீதிமன்றம்' என்றே பெயர். அங்கு பிடிபடும் ஓட்டுநருக்கு இரண்டு வழிகள் உண்டு. அபராதத்தையும் உரிமத்தில் சேரும் குற்றப்புள்ளிகளையும் ஏற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பிள்ளைகளின் முன்னால் நின்று அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம்.

இதை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கிவிடக்கூடியதன்று. அபராதத்தைக் கட்டியதும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். வசதி படைத்தவருக்கு அது ஒரு கட்டணம் மட்டுமே. ஆனால், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "நான் தினமும் இந்தச் சாலையைத்தான் கடக்கிறேன்" என்று முகத்திற்கு நேரே சொல்லும்போது, வேக வரம்பு என்பது பலகையில் எழுதப்பட்ட வெறும் எண்ணாக இருப்பதில்லை. அந்த எண் யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டதோ அவரே கண்முன் வந்து நிற்கிறார்.

அந்த எண்ணைச் சற்று மீறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் சாலை விதிநூல் இதற்குக் கணக்கோடு விடை தருகிறது. 20 மைல் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து முழுமையாக நிற்பதற்கு ஏறத்தாழ 12 மீட்டர் தேவை. சிங்கப்பூரில் நாம் ஏறிச்செல்லும் ஒற்றை மாடிப் பேருந்து ஒன்றின் நீளம் அவ்வளவுதான். வேகம் 30 மைலானால் 23 மீட்டர் தேவை. அது ஏறத்தாழ இரண்டு பேருந்துகளின் நீளம். வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது, பிரேக்கை மிதித்த பிறகு கார் ஓடும் தூரம் இரு மடங்கிற்கும் மேல் கூடிவிடுவதே இதற்குக் காரணம். முதல் பேருந்தின் முனையில் காரை நிறுத்தியிருக்கக்கூடிய ஓட்டுநர், இரண்டாவது பேருந்தின் நடுவில் நிற்கும் பிள்ளையை மோதிவிட்டே செல்கிறார். 'பத்து மைல்தானே' என்னும் சொல்லுக்குள் மறைந்திருப்பது இதுதான்.

ஆகவே, ஓட்டுநர்கள் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதில் ஐயமில்லை. பிள்ளைகள் அவர்களுக்குத் தீர்ப்பும் சொல்லவேண்டுமா என்பதே கேள்வி.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, தமிழ் மாணவர்கள் சிறுவயதிலேயே கேட்டறிந்த ஒரு கதை உதவும். மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிச் சென்ற தேர்ச்சக்கரத்தில் சிக்கி ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. ஒரு வகையில் பார்த்தால், இதுவும் சாலை விபத்து வழக்குதான்! திருவாரூரில் இக்கதையை நினைவூட்டும் கல்தேர் இன்றும் இருக்கிறது. மன்னன் தன் மகன்மீது தேரோட்டத் துணிந்ததைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். பசு என்ன செய்தது என்பதைக் கவனிப்பதில்லை. அது மணியை மட்டுமே அடித்தது. பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட்டது. ஆனால், தீர்ப்பு என்னும் சுமை அதன் தலையில் ஏற்றப்படவில்லை. அந்தச் சுமையைத் தாங்குவதற்கென்று ஒருவர் அரியணையில் இருந்தார். அவர் தந்த தண்டனை சரியா என்று நாம் வாதிடலாம். அதற்குப் பொறுப்பு யார் என்பதில் மட்டும் குழப்பம் இல்லை.

சாலையோர நீதிமன்றத்தில் இந்தக் குழப்பம் வருகிறது. இங்கிலாந்தில் 10 வயது நிரம்பாத பிள்ளைமீது எந்தக் குற்றத்திற்காகவும் வழக்குத் தொடர முடியாது. தன் செயலின் விளைவுகளை முழுமையாக எடைபோடும் வயது அதற்கு இன்னும் வரவில்லை என்று சட்டம் கருதுகிறது. அந்நாட்டில் நீதிமன்ற நடுவர் குழுவில் அமர்வதற்கு 18 வயதாகியிருக்க வேண்டும். அப்படியிருக்க, 9 வயதுப் பிள்ளையை ஒரு பெரியவரின் குற்றத்தை விசாரிக்க நிறுத்துவது விந்தையாகவே இருக்கிறது. இது உண்மையான நீதிமன்றம் அன்று, ஒரு பாடம் மட்டுமே என்று காவல்துறை சொல்லலாம். ஆனால், அபராதத்திற்கு மாற்றாக ஒன்றை வைத்துவிட்டால் அதுவும் தண்டனையின் ஓர் உருவமே.

எதிரே நிற்கும் பிள்ளையின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். "என் தாயார் மருத்துவமனையில் இருக்கிறார், அதனால்தான் விரைந்து வந்தேன்" என்று ஓட்டுநர் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? அது உண்மையா, சாக்கா என்று கண்டறிவது அனுபவமுள்ள அதிகாரிகளுக்கே கடினம். நிறுத்தப்பட்டவர் பக்கத்து வீட்டு மாமாவாகவோ வகுப்புத் தோழனின் தந்தையாகவோ இருந்தால் மறுநாள் வகுப்பறையில் என்ன நடக்கும்? ஓட்டுநர் சிரித்து மழுப்பிவிட்டால், தன் உயிரைப் பற்றிப் பேசியது வேடிக்கையாகிவிட்டதே என்று அந்தப் பிள்ளை வருந்தாதா? அவர் அழுதுவிட்டால், ஒரு பெரியவரை அழவைத்த நினைவைச் சுமக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான். காவல் அதிகாரிக்கு இவற்றைக் கையாளப் பயிற்சியும் சீருடையும் இருக்கின்றன. பிள்ளைக்கு இருப்பது ஒரு கேள்வித்தாள் மட்டுமே.

பிறரை வெட்கப்பட வைப்பதும் எளிய செயலன்று. ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்றில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, செய்த செயல் தவறு என்று உணர்த்தி, அந்த மனிதரை மீண்டும் சமூகத்தோடு சேர்த்துக்கொள்வது. மற்றொன்று, அந்த மனிதரே கெட்டவர் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவைப்பது. முன்னது திருந்துவதற்கு வழிவிடுகிறது. பின்னது கோபத்தையும் பிடிவாதத்தையும் வளர்க்கிறது. தமிழில் 'நாணம்' என்றும் 'அவமானம்' என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நாணம் ஒருவருடைய உள்ளத்தில் தோன்றுவது. திருவள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அவமானம் வெளியிலிருந்து வந்து விழுவது. சாலையோரத்தில் ஓட்டுநர் உணர்வது இவ்விரண்டில் எது என்பது, கேட்பவரின் குரலையும் பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவர்களின் பார்வையையும் பொறுத்தது. அந்த நுட்பமான வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதுதான் நெருடுகிறது.

சிங்கப்பூருக்கும் இந்தக் கேள்வி புதியதன்று. 1992-ஆம் ஆண்டு முதல் இங்கு, குப்பை போட்டுப் பிடிபடுபவர்களுக்குத் திருத்த வேலை ஆணை விதிக்கப்படுகிறது. அவர்கள் பளிச்சிடும் மேலங்கி அணிந்து பொது இடங்களைத் துப்புரவு செய்யவேண்டும். பலர் பார்க்க வேலை செய்வதால் ஏற்படும் வெட்கமும் அந்தத் தண்டனையில் அடங்கியிருக்கிறது. ஆயினும், அதை விதிப்பது நீதிமன்றம். அதற்கு நேரக் கணக்கு உண்டு. வேலை முடிந்ததும் மேலங்கியைக் கழற்றிவிடலாம். இணையத்தில் பதிவேற்றப்படும் காணொளிக்கு இப்படி ஒரு முடிவு கிடையாது. வேகமாகச் சென்ற காரைக் கைப்பேசியில் படமெடுத்து, வண்டி எண்ணோடு பகிர்ந்து, அதன் கீழ் வசைமொழிகளைக் குவிப்பது உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் எளிதாகிவிட்டது. அந்த வண்டியை அன்று ஓட்டியது அதன் உரிமையாளர்தானா என்று எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்? ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவதை, 2019-இல் திருத்தப்பட்ட துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஓட்டுநர்களை உறுத்த வேறு வழிகளே இல்லையா? கொலம்பியாவின் தலைநகரான பொகொட்டாவில் 1990-களில் மேயராக இருந்த அந்தானாஸ் மொக்கஸ், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஊமை நாடகக் கலைஞர்களைச் சாலைச் சந்திப்புகளில் இறக்கிவிட்டார். பாதசாரிகள் கடக்கும் கோட்டின்மேல் காரை நிறுத்தியவரை அவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் நடித்துக் காட்டிக் கேலி செய்தார்கள். கண்டபடி சாலையைக் கடந்த பாதசாரிகளும் தப்பவில்லை. ஊரே சிரித்தது, சிரிப்புக்கு ஆளானவரும் சில வேளைகளில் சேர்ந்து சிரித்தார். எஸ்டோனியா நாட்டுக் காவல்துறை 2019-இல் செய்து பார்த்த முயற்சி இன்னும் எளியது. தாலின், ராப்லா ஆகிய ஊர்களுக்கிடையே வேகமாகச் சென்று பிடிபட்டவர்கள் அபராதம் கட்டலாம், அல்லது சாலையோரத்தில் 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ சும்மா காத்திருக்கலாம். அவசரத்தால் மிச்சப்படுத்த நினைத்த நேரமே தண்டனையாகப் பறிபோனது. இந்த இரண்டு முயற்சிகளிலும் பெரியவர்களின் வேலையைப் பெரியவர்களே செய்தார்கள்.

இவ்வாறு சொல்வதால் பிள்ளைகள் வாய்மூடி இருக்கவேண்டும் என்று பொருளாகாது. 1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு வழங்குகிறது. அவர்களுடைய வயதிற்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்திற்கு மதிப்புத் தரவேண்டும் என்றும் அது கூறுகிறது. சிங்கப்பூர் 1995-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. பள்ளிக்குச் செல்லும் சாலையைவிடப் பிள்ளைகளை நேரடியாகப் பாதிக்கும் காரியம் வேறு என்ன இருக்கமுடியும்?

சிங்கப்பூரில் பல பள்ளிகளுக்கு அருகே, எச்சரிக்கை விளக்குகள் மின்னும் நேரங்களில் 40 கிலோமீட்டர் வேக வரம்பு நடப்பில் இருக்கிறது. ஆனால், எந்த மரக்கிளை அந்த விளக்கை மறைக்கிறது, எந்தப் பேருந்து நிறுத்தத்தின் பின்னாலிருந்து பிள்ளைகள் சாலைக்குள் இறங்குகிறார்கள், துணைப்பாட வகுப்பு முடிந்து எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்பன காரில் செல்பவருக்குத் தெரியாது. அங்கு தினமும் நடப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரு வாரம் தாங்கள் நடக்கும் வழியைக் கவனித்து வரைபடமாக்கலாம். வண்டி எண்களையோ முகங்களையோ குறிக்காமல், எந்த இடத்தில், எந்த நேரத்தில் அச்சம் ஏற்படுகிறது என்று எழுதலாம். அதை நகர மன்றத்திற்கோ நிலப் போக்குவரத்து ஆணையத்திற்கோ அனுப்பி, "இங்கே வேகத்தடை அமைக்க முடியுமா? முடியாது என்றால் ஏன்?" என்று கேட்கலாம். அந்தக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரி, காரை நிறுத்திய ஓட்டுநரைப்போலவே பதில் சொல்லியாக வேண்டும். அவருக்குச் சாலையையே மாற்றியமைக்கும் அதிகாரமும் இருக்கிறது.